ஏழாம் நம்பர் வீடு

இருங்க தம்பி, வாயில குண்டூசி இருக்கு, எடுத்து வெச்சுட்டுப் பேசறேன். ம், இப்ப சொல்லுங்க. கையெழுத்துதான? போடலாம், போடலாம். ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி, அதுக்குக் கீழ என் பேரு, அவ்வளவுதான? இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க, பாவம். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். துணி மூட்டையத் தள்ளிட்டு அந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் தைச்சுக்கிட்டே பேசறேன், தப்பா நினைக்காதீங்க. நாளைக்குக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.

ஆமா, பின்னாடி மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே ஒரு நிலம், மூக்குன்னே பேரு, அதுல இருக்கற ஒம்பது வீட்டுக்காரங்களும் போட்டாச்சாக்கும். என்னுது ஒண்ணுதான் பாக்கின்னு எனக்கும் தெரியும். பாதை போடணும்னா என் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போடணும். நான் சரின்னு சொன்னாத்தான் எல்லைக்கோட்டை அழிச்சு, மூக்கை இந்த மாநிலத்தோட சேர்ப்பீங்க. நான் மாட்டேன்னா ஃபைலு திரும்பப் போயிடும். அப்படித்தான? என் வாழ்க்கையில ரெண்டு மாநிலம் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கறது இதான் முதல் தடவை. கொஞ்சம் அனுபவிச்சுக்கறேனே.

மேப்புல பார்த்திருப்பீங்க. மேப்புல பார்க்கறது வேற. எந்திரிச்சு வாங்க, இந்தப் பின் ஜன்னல்ல பாருங்க. அதோ பள்ளமா, புதர் மண்டிக் கிடக்குல்ல, அதுலதான் ஒரு காலத்துல ஆறு ஓடிச்சாம். அதோட நடுவுல கோடு போட்டு, இந்தக் கரை ஒரு மாநிலம், அந்தக் கரை ஒரு மாநிலம்னு எழுதி வெச்சாங்க. அப்பறம் ஒரு வெள்ளத்துல ஆறு குதிச்சு மூக்குக்கு அந்தப் பக்கமாப் போயிடுச்சு. மூக்கு வந்து இந்தக் கரையோட ஒட்டிக்கிச்சு. ஆறு மாறிடுச்சு, கோடு மாறல. அந்தப் பள்ளத்துல வெள்ளைக் கல்லு தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவங்க. என் பின்கட்டுல இருந்து மூக்கோட முதல் வீட்டு வாசலுக்கு அறுபது எட்டு நடை. நான் எண்ணியிருக்கேன். அங்க இருக்கறவங்களுக்கு அவங்க ஆபீஸு, பள்ளிக்கூடம் எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம். படகு ஏறணும். வண்டின்னா பாலத்தைச் சுத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம்.

அந்தப் பக்கத்து ஆளுங்க என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? ஓ, தங்கமான மனுஷின்னா? கேட்டம்மான்னுதான சொல்லியிருப்பாங்க. என் பேரு அங்க யாருக்கும் தெரியாது. பட்டப்பேரு எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்களா? சொல்லலையா? அதைச் சொல்லாம எதைச் சொன்னாங்க.

பதினைஞ்சு வருஷம் முன்னாடி, மூக்குல முதல் வீட்டுல ஒருத்தி இருந்தா, இப்பவும் இருக்கா, படகுத் துறையில டிக்கெட் கிழிக்கறவ. நான் டிக்கெட்டுக்காரின்னுதான் சொல்லுவேன். அவ அம்மாவுக்கு ஒரு பக்கமா கை கால் இழுத்துக்கிச்சு. இவ போன் பண்ணினா. இங்க போன் ஒரு கூத்து தம்பி, துவைக்கற கல்லுப் பக்கம் நின்னா நம்ம மாநிலத்து டவர் எடுக்கும், நாலடி தள்ளி நின்னா அவங்க டவர். அன்னைக்குப் போன் நம்ம ஆம்புலன்ஸ் ஆபீஸுக்குப் போச்சு. அவன் விலாசம் கேட்டான். சொன்னா. அது எங்க எல்லை இல்லையே, அங்க சொல்லுங்கன்னு வெச்சுட்டான். அங்க சொன்னா, ரெண்டு மணி நேரம் ஆகும்னான். பொம்பள பள்ளத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. எனக்கு மனசு கேக்கல. நாந்தான் போய் போனைப் பிடுங்கி, ஏழாம் நம்பர் வீடு, தெருக் கடைசி, இந்த மாநிலம்தான், சீக்கிரம் வாங்கன்னு என் வீட்டு நம்பரைக் குடுத்தேன். இருபது நிமிஷத்துல வண்டி வந்துச்சு. கட்டிலோட தூக்கிட்டு வந்து என் கேட்டு வழியா ஏத்தினோம். தலைப்பக்கம் என் வீட்டுக்காரர் பிடிச்சாரு. கால்மாட்டுல அவ பிடிச்சா.

ஆமா, அன்னைல இருந்து அதுவே பழக்கமாயிடுச்சு. பிரசவமா, பாம்புக் கடியா, குழந்தைக்குக் காய்ச்சலா, மூக்குல யாருக்கு என்ன ஆனாலும் துவைக்கற கல்லுக்கிட்ட வந்து நின்னு ஏழாம் நம்பர்னு சொல்லுவாங்க. டிரைவருக்கும் தெரியும். வண்டிய நிறுத்திட்டு, கேட்டம்மா, யாரு வர்றாங்கன்னு கேப்பான். பள்ளத்துல வர்றாங்கப்பா, பொறுன்னு நான் சொல்லுவேன். என் கேட்டு கொஞ்சம் இறுக்கம், தூக்கித் தள்ளினாத்தான் திறக்கும். அதனால எப்பவும் நாந்தான் திறக்கணும். ஒருத்தரையும் நான் திருப்பி அனுப்பினது கிடையாது. எழுதிக்கோங்க வேணும்னா.

என் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். கட்டில் தூக்கத் தூக்க வழி நல்லாப் பழகிடுச்சு. கிழவி ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்துட்டா. இவரு கிழவி போனப்பறமும் அந்தப் பக்கம் போய்க்கிட்டுதான் இருந்தாரு. பட்டறைக்கு ஆத்தங்கரை வசதின்னாரு. மூணு வருஷம் அப்படியே ஓடிச்சு. அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பையில துணியை எடுத்துக்கிட்டு பின்கட்டு வழியா இறங்கிப் போனாரு. நான் இதே ஜன்னல்ல நின்னு பார்த்தேன். வெள்ளைக் கல்லுக்கிட்ட நின்னு செருப்புல ஏறின மண்ணைத் தட்டிட்டுப் போனாரு தம்பி. எனக்கு அது இன்னும் ஆறல.

அழுதேனாவா? அழுதுக்கிட்டே ஸ்டேஷனுக்குப் போனேன். எங்க இருக்காருன்னான். அதோன்னு காட்டினேன். அது வேற மாநிலம்மான்னான். கோர்ட்டுல கேஸ் போட்டேன். எதுக்குத் தெரியுமா? வேற ஒண்ணும் வேணாம், நாலு பேர் முன்னாடி நின்னு, இவளோட இருக்கப் பிடிக்கலன்னு வாயத் திறந்து சொல்லிட்டுப் போகட்டும்னு. கோர்ட்டு ஆளு நோட்டீஸ் எடுத்துக்கிட்டு ஏழாம் நம்பருக்கு வந்தான். மனுஷன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறாரு, பல் குச்சியைக் கடிச்சுக்கிட்டு. நான் கையக் காட்டறேன், அதோ அவருதான்னு. அவரு அங்கருந்தே கத்தினாரு, நான் அந்த வீட்டுல இல்லன்னு எழுதிக்கோங்க சார். அவனும் எழுதினான். மூணு தடவை வந்தான், மூணு தடவையும் அதே. மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் இல்லை. சீல் போட்டு வெச்சிருக்கேன், அந்தப் பெட்டியில இருக்கு. என் பொண்ணுக்கு அப்ப எட்டு வயசு. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. அப்பா இங்கதான இருக்காரு, ஏன் இல்லன்னு எழுதறாங்கன்னு கேட்டா. இப்ப அவ தூரத்துல வேலை பார்க்கறா, இந்தப் பக்கம் வர்றதில்ல.

பதினோரு வருஷம் தம்பி. நான் தைச்ச சட்டையை டிக்கெட்டுக்காரி துவைச்சு அவ கொடியில காயப் போடுவா. காலர் பிரிஞ்சா எங்கிட்டயே வரும், யாராவது குழந்தை கையில குடுத்து அனுப்புவா. இங்க வேற தையக்காரி யாரு இருக்கா? நானும் தைச்சுக் குடுப்பேன். கழுத்து பதினைஞ்சுல இருந்து பதினாறாச்சு, பதினாறரையாச்சு. அங்க நல்லாப் போடறா போல இருக்குன்னு நினைச்சுக்குவேன். உங்க சட்டை தோள்ல அரை இஞ்சு இறங்குது, கவனிச்சீங்களா? தைச்சவனுக்குக் கண்ணு சரியில்ல.

சரி, மூக்குக்காரங்க குடுத்த அந்த மனுவுல என்ன எழுதியிருக்கு, படிங்க. ம். எல்லைக்கோட்டால் ஓர் உயிர் பலியானது. ம். ஆம்புலன்ஸ் எல்லை வரை வந்து, நோயாளி வேறு மாநிலத்தவர் என்று தெரிந்ததும் திரும்பிச் சென்றது. யாரு எழுதினது, டிக்கெட்டுக்காரிதான? நல்லா எழுதறா. பாவம், அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கா. ஆமா, அந்த உயிர் என் வீட்டுக்காரர்தான். எட்டு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லலையா அவங்க? கூச்சமா இருந்திருக்கும்.

அன்னைக்கு நடந்ததை எல்லாரும் சொல்லுவாங்க. அவரு என் முற்றத்துலதான் கிடந்தாரு. நான் தண்ணி குடுத்தேன். குனிஞ்சு அவர் காதுல என்னமோ சொன்னேன். அதைப் பார்த்துட்டு மூக்கே அழுதுச்சு தம்பி. இத்தனை பண்ணின மனுஷனுக்கு இவ ஆறுதல் சொல்றாளே, என்ன மனசு இவளுக்குன்னு. டிக்கெட்டுக்காரி என் காலைப் பிடிச்சுக்கிட்டா. என்ன சொன்னீங்க அக்கா, என்ன சொன்னீங்கன்னு இன்னும் கேக்கறா. நான் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன், அவசரப்படாதீங்க. இந்த மடிப்பை முடிச்சுக்கறேன்.

மத்தியானம் ரெண்டரை இருக்கும். இதே மெஷின்ல உக்காந்திருந்தேன். சைரன் கேட்டுச்சு. பழைய டிரைவரா இருந்தா வாசல்லயே ஹாரன் அடிச்சுக் கூப்பிடுவான். இது புது ஆளு, சின்னப் பையன் மாதிரி இருந்தான். கையில சீட்டு. உள்ள வந்து என் வீட்டுக்காரர் பேரைப் படிச்சான். வயசு அம்பத்தெட்டு, நெஞ்சு வலி, ஏழாம் நம்பர். இது ஏழாம் நம்பர்தானம்மான்னான். ஆமாப்பா. இவரு உங்களுக்கு என்ன வேணும்னான். வீட்டுக்காரர். எங்கம்மா இருக்காருன்னான்.

கையை நீட்டிச் சீட்டை வாங்கினேன் தம்பி. சத்தியமா முன்னாடியே நினைச்சு வெச்சது இல்ல. அந்தச் சீட்டைப் பார்த்தேன். கோர்ட்டு நோட்டீஸ் மாதிரியே இருந்துச்சு, அதே பேரு, அதே விலாசம். வாயில தானா வந்துச்சு. அவரு இந்த வீட்டுல இல்லப்பான்னேன்.

பொய்யா? சொல்லுங்க, பொய்யா? அவன் கூட வந்த பொண்ணு ரெண்டு ரூமையும் பார்த்தா, பாத்ரூமையும் திறந்து பார்த்தா. நல்லாப் பாரும்மான்னு நாந்தான் லைட்டைப் போட்டுக் குடுத்தேன். எப்ப வெளிய போனாருன்னான். பதினோரு வருஷமாச்சுன்னேன். ஒரு மாதிரி பார்த்தான். இதுக்கு அப்பால வேற வீடு இருக்காம்மான்னான். இந்த மாநிலத்துல இதான் கடைசி வீடுன்னேன். அதுவும் நிஜம்தான? அப்பறம், யாராவது சும்மா விளையாட்டுக்குப் போன் பண்ணியிருப்பாங்களான்னு கேட்டான். அதுக்கு நான் பதில் சொல்லியிருந்தா பொய்யாயிருக்கும். அதான் குண்டூசியை எடுத்து வாயில வெச்சுக்கிட்டேன். வாயில ஊசி இருக்கறவங்க எப்படிப் பேசறது.

இந்த ஜன்னல்ல எனக்கு எல்லாம் தெரியுது. பள்ளத்துல கட்டிலைத் தூக்கிட்டு வர்றாங்க. தூக்கறதுக்கு முன்ன மாதிரி ஆளு இல்ல, ரெண்டு கிழவன், ரெண்டு பொம்பளைங்க. பத்து எட்டுக்கு ஒரு தரம் கீழ வெச்சு வெச்சுத் தூக்கறாங்க. டிக்கெட்டுக்காரி அவர் முகத்துக்கு வெயில் படாம குடை பிடிச்சுக்கிட்டு வர்றா. வந்துட்டோம், வந்துட்டோம்னு கத்தறா. நான் மெஷினை மிதிச்சேன். பழைய மெஷின், சத்தத்துக்குக் கேக்கவா வேணும். அந்தப் பையன் எதுலயோ எழுதிக்கிட்டுப் போயிட்டான். வண்டி பின்னாடியே போய்த் திரும்பினது கேட்டுச்சு. ஒரு காலர் முழுசாத் தைச்சேன் தம்பி, நூல் அறுக்காம.

அப்பறம் எழுந்து போய் கேட்டைத் திறந்து விட்டேன். எப்பவும் போல.

முற்றத்துல கட்டிலை இறக்கினாங்க. வண்டி எங்கன்னு அவ கத்தறா. வந்துச்சும்மா, போயிடுச்சேன்னேன். அவளா முடிவு பண்ணிக்கிட்டா, எல்லைன்னு சொல்லித் திரும்பிட்டான்னு. தெருவுக்கு ஓடினா, திரும்பப் போன் பண்ணினா. இப்பதான வந்துட்டுப் போச்சு, சும்மா சும்மா கூப்பிடறீங்களான்னு அவங்க சண்டை பிடிக்கறாங்க. அந்த நேரத்துல அவரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாரு. தண்ணின்னாரு. குடுத்தேன். வண்டி வருமான்னாரு. பயந்துட்டாரு பாவம், என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பதினோரு வருஷத்துக்கப்பறம்.

நான் காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். வந்துச்சுங்க. நீங்க இந்த வீட்டுல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்கதான எழுதிக்கச் சொன்னீங்க.

கேட்டுச்சு அவருக்கு. கையை விட்டாரு பாருங்க, அதுல தெரிஞ்சுச்சு. அப்பறம் கால் மணி நேரம் இருந்தாரு, கண்ணை எடுக்காம என்னையே பார்த்துக்கிட்டு. கல்யாணமான புதுசுல கூட அப்படிப் பார்த்ததில்ல.

உயிர் போனதும் நாந்தான் யோசனை சொன்னேன், தூக்கிட்டுப் போயிடுங்க, இங்க செத்தாருன்னா ரெண்டு பக்கத்துப் போலீஸும் வந்து உடம்பை அறுப்பாங்கன்னு. நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாங்கன்னு தூக்கிட்டுப் போனாங்க. அந்தப் பக்கம் செத்ததாத்தான் பதிவு. என் வீட்டுல இல்லாத ஆளு என் வீட்டுல எப்படிச் சாவாரு?

ஏன் தம்பி எந்திரிச்சுட்டீங்க? தண்ணி குடிங்க. போய்ச் சொல்லுவீங்களா? தாராளமா. எங்க சொல்லுவீங்க? இங்க ஸ்டேஷன்ல சொன்னா, செத்தது அந்த மாநிலத்துல, அங்க போங்கன்னுவான். அங்க போனா, ஏழாம் நம்பர் எங்க எல்லை இல்லையேன்னுவான். நான் போய்ப் பார்த்தவ, எனக்குத் தெரியாதா. கோட்டை அழிச்சுட்டீங்கன்னா வேணா ஒரே ஸ்டேஷனாயிடும்.

அட, அதுக்குப் பயந்து கையெழுத்துப் போடலைன்னு நினைக்காதீங்க. எனக்கு என்ன பயம். போடறேன்னு சொன்னேன்ல, போடுவேன். இன்னைக்கு இல்ல, அவ்வளவுதான்.

இப்ப கையில வெச்சுத் தைக்கறேனே, இந்த நீல யூனிபார்ம், இது டிக்கெட்டுக்காரியோடது. இடுப்புல பிடிச்சுக் குடுங்க அக்கா, லூசா இருக்குன்னு அனுப்பியிருக்கா. போன மாசம் ரெண்டு இஞ்சு பிடிச்சேன். இந்த மாசம் இன்னும் ஒண்ணரை. அவருக்காக சாப்பிடாம இளைச்சுட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கா. ரெண்டு மாசத்துல மூணரை இஞ்சு துக்கத்துல குறையாது தம்பி. நான் குறைஞ்சு பார்த்தவ, எனக்கு ஒரு இஞ்சுதான் குறைஞ்சுச்சு. ராத்திரியில இருமலும் கேக்குது, அறுபது எட்டுதான. டாக்டர்கிட்ட போன்னு நான் சொல்லல. அவளும் போகல.

அந்தப் புது டிரைவரை இங்கயே போட்டுட்டாங்களாம். ஏழாம் நம்பர்னா பொய்யான போன் காலுன்னு எழுதி வெச்சிருக்காங்களாம். நீங்க கோட்டை அழிச்சு, மூக்குக்குப் பாதை போட்டு, அவ வீட்டுக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டா, வண்டி நேரா அவ வாசலுக்கே போயிடும். இப்பன்னா என் நம்பரைத்தான சொல்லணும்.

ஒரு நாலு மாசம் கழிச்சு வாங்க. தையலைப் பார்த்தா அதுக்கு மேல ஆகாதுன்னுதான் தோணுது. அப்ப எத்தனை இடத்துல வேணும்னாலும் போடறேன் கையெழுத்து, நீங்க அலைய வேணாம்.

கிளம்பிட்டீங்களா? இருங்க, இருங்க, கேட்டு உங்களுக்கு வராது. தூக்கித் தள்ளணும். நானே வந்து திறந்து விடறேன்.